எழுதுகோல் ஏந்தும் இளைஞர்க்கு முத்துக்குளித்துறை தரும் பாடம்



யூபிலி ஆண்டு என்பது ஆண்டவர் நமக்குச் செய்த நன்மைகளை எண்ணி நன்றி கூறும் ஆண்டு. நம் ஆலயத்தைக் கட்டியெழுப்பிய பெரியோர்களையும், அதற்காகத் தம் உழைப்பில் ஒரு பங்கைக் காணிக்கையாக்கிய மீனவக் குடும்பங்களையும், இங்கு பணிபுரிந்து மறைந்த குருக்களையும் இம்மலரின் மற்றப் பக்கங்கள் நினைவுகூருகின்றன. இக்கட்டுரையில் வேறொரு கூட்டத்தாரை நினைவுகூர விரும்புகிறேன். அவர்கள் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் அல்லர்; எழுதுகோல் பிடித்தவர்கள்.

இதை எழுதத் தூண்டியது நாம் நடத்திய யூபிலிக் கட்டுரைப் போட்டியே. இளைஞர்களும் மாணவ மாணவியரும் ஆர்வத்துடன் கலந்துகொண்டார்கள். பரிசோ மூவருக்குத்தான். பரிசு பெறாதவர்களில் சிலர், "எழுதியும் பயனில்லையே; இனி எதற்காக எழுத வேண்டும்?" என்று மனம் சோர்ந்து பேசியதாக அறிந்தேன். பெற்றோர் சிலரும், "எங்கள் பிள்ளை எழுதியது மலரிலாவது அச்சாகுமா, சுவாமி?" என்று வினவினார்கள். நியாயமான கேள்விகளே. பரிசு பெறாத எழுத்துக்கு மதிப்பு உண்டா? அச்சேறாத எழுத்து வீண்தானா? இக்கேள்விகளுக்கு விடை தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் முத்துக்குளித்துறையின் வரலாறே விடை பகர்கிறது.

முதல் எழுத்தாளர்கள்

1535-ஆம் ஆண்டு தொடங்கி இக்கடற்கரை மக்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-இல் புனித பிரான்சிஸ்கு சவேரியார் இங்கு வந்தபோது, மக்கள் கிறிஸ்தவர்களாக இருந்தார்களே தவிர, மறையுண்மைகளைத் தம் தாய்மொழியில் கற்க அவர்களுக்கு வழியில்லை. சவேரியார், இருமொழியும் அறிந்தவர்களின் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்கச் செய்து, தாமும் மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார் என்பதை நாமெல்லாரும் அறிவோம்.

அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளில், 1554-இல், போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் சிறிய ஞானோபதேச நூல் ஒன்று அச்சாயிற்று. அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. அந்நூலை ஆக்கியவர்கள் வின்சென்ட் நாசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா குரூஸ் என்னும் மூன்று தமிழர்கள். பெயர்கள் போர்த்துக்கீசியப் பெயர்களாயினும் அவர்கள் நம்மவர்களே. தாய்நாட்டை விட்டு நெடுந்தொலைவில், தமிழ் எழுத்துருவே இல்லாத ஓர் அச்சகத்தில், தம் மொழியை அச்சிலேற்றிய முதல் தமிழர் இவர்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இதே காலத்தில் நம் கரையில் உழைத்தவர் இயேசு சபையைச் சார்ந்த அண்டிரிக் அடிகளார். 1520-இல் போர்த்துக்கல் நாட்டில் பிறந்த இவர், 1546-இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். 1600-இல் மரிக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு இம்மக்களோடு வாழ்ந்தார். வந்தவுடன் இவர் செய்த முதல் வேலை தமிழ் கற்றல். மொழிபெயர்ப்பாளர் துணையின்றித் தாமே மக்களோடு பேசும் அளவுக்குத் தேறினார். பின்வரும் குருக்கள் எளிதில் கற்கும்பொருட்டு, 1549-ஐ ஒட்டிய காலத்தில் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதிய முதல் இலக்கணம் இதுவே.

இளம் எழுத்தாளர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அண்டிரிக் அடிகளாரின் இந்த இலக்கணம் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அதன் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் தூங்கிக் கிடந்தது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது பதிப்பிக்கப்பட்டது. எழுதியதற்கும் அச்சானதற்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கும் மேல்! அவர் அதனால் சோர்ந்து எழுதுகோலைக் கீழே வைத்துவிடவில்லை. எழுதிக்கொண்டேயிருந்தார்; காத்திருந்தார். அந்த இலக்கணத்தை எழுதி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள் கொண்ட இச்சிறு நூல்தான் தமிழ் எழுத்தில் அச்சான, நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல். அடுத்த ஆண்டு நவம்பரில் கொச்சியில் "கிரீசித்தியானி வணக்கம்" வெளிவந்தது. 1586-இல் புனிதர்களின் வாழ்க்கையைக் கூறும் பெருநூலாகிய "அடியார் வரலாறு" வெளிவந்தது. இது அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்டது. நம் புன்னைக்காயலில் அச்சிடப்பட்டதாக அறிஞர்கள் கூறுவர்.

இந்த நூல்களுக்காகப் பொருளுதவி செய்தவர்கள் யார் தெரியுமா? முத்துக்குளித்துறையின் பரதவ மக்களே. முத்துக்குளித்தும் சங்கு குளித்தும் ஈட்டிய பணத்தில் ஒரு பகுதியை, தம்மில் மிகப் பலரால் படிக்கவும் இயலாத நூல்களுக்காக அவர்கள் கொடுத்தார்கள். பின்வரும் தலைமுறை படிக்கும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். எழுத்தாளன் தனியொருவனாய் நின்று நூல் படைப்பதில்லை. அவனுக்குப் பின்னால் ஓர் ஊர் நிற்கிறது.

அச்சேறியும் மறைந்தவை

அச்சேறிவிட்டால் போதும், எழுத்து என்றும் நிலைத்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. மேலே கூறிய நூல்கள் நாளடைவில் நம் கடற்கரையிலிருந்து அடியோடு மறைந்தன. டச்சுக்காரர் 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றியதால் விளைந்த துன்பங்கள் ஒருபுறம். கரையானும் கடற்காற்றும் ஒருபுறம். பேணிக் காக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே குன்றியது மற்றொருபுறம். தம் முன்னோர் பொருள் கொடுத்து அச்சிட்ட நூல்களின் பெயரைக்கூட அறியாமல் பல தலைமுறைகள் கடந்தன.

அச்சு வசதி இல்லாததால் காத்துக் கிடந்த நூல்களும் உண்டு. அந்தம் புரோயென்சா அடிகளார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி, அவர் 1666-இல் மரித்துப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1679-இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. 1710-இல் இந்தியா வந்து, நம் காமநாயக்கன்பட்டியிலும் பணிபுரிந்த வீரமாமுனிவரின் பெருங்காப்பியமாகிய "தேம்பாவணி"யின் கதையும் இதுவே. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முற்றுப்பெற்ற அக்காப்பியம், 1851-இல் தொடங்கிப் புதுச்சேரியில்தான் அச்சேறியது. முனிவர் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது! அதுவரை அதைக் காத்தவர்கள் ஏட்டில் படியெடுத்த பெயர் தெரியாத அன்பர்கள். அவர்களுக்குப் பரிசு கொடுத்தவர் எவருமில்லை. ஆயினும் அவர்கள் இல்லாவிடில் நமக்குத் தேம்பாவணியும் இல்லை.

மறைந்துபோன நூல்களை மீண்டும் நம் கண்முன் கொணர்ந்தவர்களுள் தலையாயவர், நம் மறைமாவட்டத்துக்காகவே குருப்பட்டம் பெற்ற ஓர் இளங்குரு. அவர் வாழ்க்கை எழுத விரும்பும் ஒவ்வோர் இளைஞனும் கற்க வேண்டிய பாடநூல்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளங்குரு

தனிநாயகம் அடிகளார் 1913 ஆகஸ்டு 2-ஆம் நாள் யாழ்ப்பாணத்தைச் சார்ந்த ஊர்காவற்றுறைத் தீவிலுள்ள கரம்பொன்னில் பிறந்தார். சேவியர் என்பது திருமுழுக்குப் பெயர். நம் கடற்கரையின் திருத்தூதரின் பெயரையே தாங்கிப் பிறந்தவர் இவர்! யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் பயின்று, கொழும்புக் குருமடத்தில் சேர்ந்து, 1934-இல் உரோமை நகருக்குச் சென்றார். 1938-இல் தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கென்று குருப்பட்டம் பெற்றார். அப்போது நம் ஆயர் பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை. ஆப்பிரிக்க நாட்டுப் புனித சிப்பிரியான் காலத்துக் கார்த்தேஜ் நகரக் குருக்களைப் பற்றி ஆராய்ந்து இறையியலில் முனைவர் பட்டமும் பெற்றார். உரோமையில் பயின்ற காலத்திலேயே, அங்கிருந்த தமிழ் மாணவர்களைக் கூட்டி வீரமாமுனிவர் பெயரால் ஒரு கழகம் கண்டார்.

இலத்தீன், இத்தாலியம், ஆங்கிலம், பிரெஞ்சு என்று பல மொழிகள் கற்றிருந்தார். முனைவர் பட்டமும் கையில் இருந்தது. இத்தகைய ஒருவர் 1940-இல் வடக்கன்குளம் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளிக்குத் துணைத் தலைமையாசிரியராக வந்து சேர்ந்தார். வந்த பின் அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. உலக மொழிகள் பல கற்ற தமக்குத் தாய்மொழியாகிய தமிழின் இலக்கியத்தில் போதிய பயிற்சி இல்லை என்பதே அது.

இந்நிலையில் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்வோம்? தெரிந்த மொழியில் எழுதிப் புகழ் தேடுவோம், தெரியாததை மறைத்துக்கொள்வோம். அவர் அப்படிச் செய்யவில்லை. குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்னும் தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்தார். இலக்கணத்தையும் இலக்கியத்தையும் நான்கு ஆண்டுகள் முறையாகக் கற்றார். கத்தோலிக்கக் குரு ஒருவர் பிராமணப் பண்டிதரிடம் பாடம் கேட்ட அந்தக் காட்சியை எண்ணிப் பாருங்கள். கற்பதற்குச் சமயமோ சாதியோ பட்டமோ அவருக்குத் தடையாக நிற்கவில்லை.

அதோடும் நிற்கவில்லை. 1945-இல், முப்பத்திரண்டாம் வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் தங்கித் தமிழில் முதுகலைப் பட்டமும், பின்னர் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். சங்க இலக்கியத்தில் இயற்கை எவ்வாறு இடம்பெறுகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சிப் பொருள். கடலும் காடும் மலையும் வயலும் நம் முன்னோரின் உள்ளத்தோடு எவ்வாறு இணைந்திருந்தன என்பதை, பிறநாட்டு இலக்கியங்களோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதினார்.

வாயில் திறக்காவிடில் வாயில் அமைப்போம்

எழுதியாயிற்று. யார் வெளியிடுவது? இக்கேள்வி இன்றும் ஒவ்வோர் இளம் எழுத்தாளனையும் வாட்டுகிறது. தமிழ்ப் பண்பாட்டை உலகோர்க்கு எடுத்துரைக்கும் ஆங்கில நூல்களை வெளியிடும் பதிப்பகங்கள் அந்நாளில் மிக அரிது. அடிகளார் ஒருவருடைய வாயிலில் நின்று காத்திருக்கவில்லை. 1948-இல் நம் தூத்துக்குடியிலேயே தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். அவருடைய ஆராய்ச்சி நூல் 1950-களின் தொடக்கத்தில் இக்கழகத்தின் வெளியீடாகவே வந்தது. பின்னர் 1966-இல் பம்பாய்ப் பதிப்பகம் ஒன்று அதனைத் திருத்திய வடிவில் வெளியிட்டது. தூத்துக்குடியில் சிறிய அளவில் பிறந்த நூல், பதினைந்து ஆண்டுகளுக்குள் உலக அறிஞர் கையில் சென்று சேர்ந்தது.

1949-க்கும் 1951-க்கும் இடையே கீழை நாடுகளிலும் வட, தென் அமெரிக்க நாடுகளிலும் பயணம் செய்து, தமிழைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். சென்ற இடமெல்லாம் ஒன்றைக் கண்டார். வடமொழியைப் பற்றி அறிந்த அறிஞர்கள்கூடத் தமிழைப் பற்றி மிகக் குறைவாகவே அறிந்திருந்தார்கள். பிறரைக் குறைகூறி அவர் காலங்கழிக்கவில்லை. 1952-இல் "தமிழ்க் கல்ச்சர்" என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். இதனை முதலில் வெளியிட்டதும் நம் தூத்துக்குடிக் கழகமே. செக் நாட்டுக் கமில் சுவலபில், பிரெஞ்சு நாட்டு ழான் பிலியோசா போன்ற பேரறிஞர்களின் கட்டுரைகள் இவ்விதழில் வந்தன. அதே காலத்தில் "தமிழ்த் தூது" என்னும் தமிழ்க் கட்டுரை நூலையும் வெளியிட்டார். உப்பளங்களும் தோணித்துறையும் நிறைந்த ஒரு துறைமுக ஊரின் பெயர், ஆராய்ச்சி இதழின் அட்டையில் உலகப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது!

இதழாசிரியராக இருந்து பிறர் கட்டுரைகளை ஏற்பதும் திருத்துவதும் எளிய பணியன்று. கருத்துக்குச் சான்று வேண்டும் என்பது ஆராய்ச்சியின் கட்டளை. தமிழின்மேல் எத்துணைப் பற்று இருப்பினும், சான்றில்லாப் புகழுரை உலகோர் முன் நில்லாது என்பதை அடிகளார் நன்கு உணர்ந்திருந்தார். இன்று நம் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளுக்கும் இதுவே உரைகல்.

காணாமற்போனதைத் தேடிய மேய்ப்பர்

இப்போது நம் பழைய நூல்களுக்குத் திரும்புவோம். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பணியேற்ற பின், 1950-களில் அடிகளார் ஐரோப்பாவின் நூலகங்களில் தமிழ் ஏடுகளையும் பழைய அச்சு நூல்களையும் தேடினார். 1554-இல் மூன்று தமிழர் ஆக்கிய ஞானோபதேச நூலை லிஸ்பன் நகரில் கண்டார். அண்டிரிக் அடிகளாரின் "அடியார் வரலாற்றை" வத்திக்கான் நூலகத்தில் கண்டார். புரோயென்சா அடிகளாரின் அகராதியும் அவ்வாறே மீட்கப்பெற்று, 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வந்தது. கண்டவற்றைப் பற்றித் தம் இதழில் கட்டுரைகள் எழுதி உலகுக்கு அறிவித்தார். நூறு ஆடுகளுள் காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற நல்ல மேய்ப்பரின் உவமை இங்கு நம் நினைவுக்கு வருகிறதன்றோ?

இதற்குப் பின் நிகழ்ந்ததும் நமக்குப் பெருமை தருவதே. அவர் நிறுவிய தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகமே, இயேசு சபை அறிஞர் இராசமாணிக்கம் அடிகளாரின் பதிப்பாக, 1963-இல் "தம்பிரான் வணக்கத்தை"யும் "கிரீசித்தியானி வணக்கத்தை"யும், 1967-இல் "அடியார் வரலாற்றை"யும் மீண்டும் அச்சிட்டது. நம் மூதாதையர் முத்துப் பணத்தில் அச்சான எழுத்து, ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் அயல்நாட்டு நூலகங்களில் கிடந்து, மீண்டும் நம் ஊருக்கே வந்து சேர்ந்தது.

அடிகளாரின் மற்றப் பணிகளைச் சுருங்கக் கூறின், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறைக்குத் தலைமை தாங்கினார். 1964-இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் கூடியது. இரண்டாம் மாநாடு 1968-இல் சென்னையில் நடந்தது. 1980 செப்டம்பர் முதல் நாள் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். வடக்கன்குளத்தில் பண்டிதர் முன் பணிவுடன் அமர்ந்து தொடங்கிய கல்வி, உலக மாநாடுகளாக விரிந்தது.

பரிசு பற்றி

இவ்வளவும் கூறுவதால் போட்டியும் பரிசும் வேண்டாதவை என்று எவரும் கருத வேண்டாம். பரிசு ஓர் இளைஞனின் முகத்தை உலகுக்குக் காட்டும் விளக்கு. "கலைமகள்" இதழ் நடத்திய நாவல் போட்டியில் 1946-இல் பரிசு பெற்ற "பெண்" என்னும் புதினமே அகிலனை நாடறியச் செய்தது. பின்னர் அவர் 1975-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு வரை உயர்ந்தார். நம் மணப்பாட்டு மக்களின் வாழ்வை வைத்து வண்ணநிலவன் எழுதிய "கடல்புரத்தில்" 1977-இல் வெளிவந்து, இலக்கியச் சிந்தனை அமைப்பின் பரிசைப் பெற்றது. நம் உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ், கப்பல் தொழிலில் ஈடுபட்டுக்கொண்டே எழுதியவர். அவருடைய முதல் புதினமாகிய "ஆழி சூழ் உலகு" 2004-இல், அவர் நாற்பது வயதைக் கடந்த பின்னரே வெளிவந்தது. 2009-இல் வெளியான "கொற்கை"க்கு 2013-இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. கடற்கரை மக்களின் வாழ்வு இலக்கியமாகாது என்று எண்ணியிருந்தவர்களின் வாயை இவ்விருதுகள் அடைத்தன.

ஆனால் பரிசு வருவதும் வராததும் நம் கையில் இல்லை. நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், 1904-இல் மதுரை "விவேகபாநு" இதழில் தம் முதல் கவிதை அச்சானபோது இருபத்தொரு வயது இளைஞர். பின்னாளில் நாடு போற்றும் கவிஞரான அவருடைய "பாஞ்சாலி சபத"த்தின் இரண்டாம் பாகம், 1921-இல் அவர் மறைந்த பின்னரே நூலாக வந்தது. முதல் பாகம் வெளிவந்ததோ 1912-இல்! பாரதிக்கே அச்சுக்குக் காத்திருக்க நேர்ந்ததென்றால், நாம் ஓராண்டு காத்திருப்பது பெரிதாகுமா?

முத்துக்குளிப்பைக் கண்டவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்பே அரசு நடத்தியவற்றுள் இறுதியானது. கரைக்கு வந்த சிப்பிகளுள் முத்து இருந்தவை சிலவே. ஆயினும் சிப்பியைத் திறக்குமுன் எதில் முத்து இருக்கிறது என்று எந்தக் குளியாளியும் அறிந்திலன். ஆகவே எல்லாவற்றையும் எடுத்தான்.

நம் போட்டிக் கட்டுரைகள்

இந்த எண்ணத்தோடு நம் போட்டிக்கு வந்த கட்டுரைகள் அனைத்தையும் படித்தேன். நடுவர்கள் விதிப்படி நேர்மையாகத் தீர்ப்பளித்தார்கள், அதில் ஐயமில்லை. எனினும் இரண்டு செய்திகளை அன்போடு கூறுவது என் கடமை.

முதலாவது, சில கட்டுரைகள் கைப்பேசியில் தேடி எடுத்த பத்திகளால் ஆனவை. அவற்றில் பிழை இல்லை. ஆனால் பிள்ளையும் இல்லை. தனிநாயகம் அடிகளார் நான்கு ஆண்டுகள் கற்ற பின் எழுதத் துணிந்தார். நம் பிள்ளைகள் நான்கு நாளாவது முதியோரிடம் சென்று கேட்டு எழுதலாகாதா?

இரண்டாவது, எழுத்துப் பிழைகள் மலிந்திருந்ததால் பரிசு பெறாத ஒரு கட்டுரை என் நெஞ்சைத் தொட்டது. எழுதிய மாணவி, தோணியில் கொழும்புக்குச் சென்று வந்த தன் தாத்தாவிடம் கேட்டு எழுதியிருந்தாள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்னும் காற்றுகளில் எந்தக் காற்றுக்குப் பாய் எப்படி விரிப்பார்கள், நடுக்கடலில் செபமாலை எப்போது சொல்வார்கள், தோணி திரும்பும்வரை வீட்டில் பாட்டி என்ன செய்வாள் என்பவை அதில் இருந்தன. இவை எந்த நூலிலும் நான் படித்திராதவை. அந்த முதியவர் கண்மூடினால் அவரோடு மறைந்துபோகக் கூடியவை. ஒற்றுப்பிழையைத் தமிழாசிரியர் ஒரு மணி நேரத்தில் திருத்திவிடலாம். அந்தத் தாத்தாவின் நினைவை எவரால் மீண்டும் உண்டாக்க முடியும்?

ஆகவே பங்குப் பேரவையினருடன் கலந்து ஒரு முடிவு செய்தோம். பரிசு பெற்றவை மட்டுமல்ல, போட்டிக்கு வந்த கட்டுரைகள் அனைத்தும் கட்டமைக்கப்பட்டு, திருமுழுக்கு, திருமண ஏடுகள் இருக்கும் அதே இரும்புப் பெட்டகத்தில் வைக்கப்படும். படி ஒன்று பங்கு நூலகத்தில் இருக்கும். மேற்கூறிய மாணவி தன் கட்டுரையைத் தமிழாசிரியரின் துணையோடு மீண்டும் எழுதி வருகிறாள். ஆண்டுதோறும் பனிமய மாதா திருநாளையொட்டி, நம் முதியோரின் நினைவுகளைக் கேட்டு எழுதும் இளைஞர்களின் கட்டுரைகளைச் சிறு நூலாக வெளியிடவும் எண்ணியுள்ளோம். செலவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். முத்து விற்ற பணத்தில் நூல் அச்சிட்டவர்களின் பேரப்பிள்ளைகளல்லவா நாம்?

முடிவாக

இளைஞர்களே! ஆண்டவர் தந்த தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனின் கதை உங்களுக்குத் தெரியும். அவன் தாலந்தை வீணாகச் செலவிட்டான் என்று தலைவர் சினங்கொள்ளவில்லை. அஞ்சிப் புதைத்தான் என்றே சினங்கொண்டார். பரிசு கிடைக்காதோ என்ற அச்சத்தால் எழுதாமல் இருப்பதும் தாலந்தைப் புதைப்பதே. முதலில் கற்றுக்கொள்ளுங்கள். கேட்டு எழுதுங்கள். சான்றோடு எழுதுங்கள். திருத்துவோரிடம் கோபம் கொள்ளாதீர்கள். எழுதியதைப் பேணி வையுங்கள்.

பெற்றோரே! பெரியோரே! உங்கள் பிள்ளை எழுதுகோலோடு வந்து உங்கள் அருகில் அமர்ந்து, "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டால், வேலை இருக்கிறது என்று விரட்டிவிடாதீர்கள். உங்கள் நினைவுதான் அவனுக்கு முதல் நூலகம்.

அண்டிரிக் அடிகளாரின் கையில் எழுதுகோலைத் தந்து, தனிநாயகம் அடிகளாரை நம் மறைமாவட்டத்துக்கு அழைத்து வந்த இறைவன், நம் பங்கிலும் எழுத்தாளர்களை எழுப்புவாராக! பனிமய அன்னை அவர்களுக்குத் துணை நிற்பாராக! யூபிலி கொண்டாடும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் ஆசீரும் செபமும் உரியன.

இறையன்பில்,
உங்கள் பங்குத்தந்தை